பேக்கப்பை அழிக்க யாரால் முடியும்?

எங்கள் ஊரான தங்கவயலில் யாராவது "என்னப்பா வேலை பண்றே?" என்று கேட்டால் "பேக்கப் பார்க்கிற வேலை" என்பேன். "அதுல என்ன இருக்கு? ராத்திரி தானா ஓடிடுமே" என்று பதில் வரும். காலையில் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற கூட்டத்தில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டவர்கள் நிறையப் பேர். அவர்களில் பாதிப் பேரும் இதையேதான் சொல்வார்கள். ராத்திரி தானாக ஓடுகிறது என்பது உண்மைதான். தானாக ஓடுவதாலேயே அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் "நேற்று ஜாப் பச்சையா, சிவப்பா?" என்பதோடு சரி.

நான் கேட்கிற கேள்வி வேறு. இந்தப் பேக்கப்பை இப்போது, இந்த நிமிடம், அழிக்க நினைத்தால் யார் யாரால் முடியும்? ஒவ்வொரு வழியையும் தாளில் எழுதுங்கள். உங்கள் பேக்கப் எவ்வளவு பத்திரம் என்பதற்கு அந்தத் தாளைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியவில்லை.

ஏன் இந்தக் கேள்வி என்பதற்கு நம் கண்முன்னே நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

2023 ஆகஸ்ட் 26. இலங்கை அரசின் 'லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்' மீது ரான்சம்வேர் தாக்குதல். gov.lk முகவரியில் மின்னஞ்சல் வைத்திருந்த சுமார் 5,000 கணக்குகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் உண்டு. சர்வரை அரை நாளுக்குள் எழுப்பிவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை வந்துபோன அஞ்சல்கள் போனது போனதுதான். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட அரசாங்கக் கடிதப் போக்குவரத்து அது. மூல சர்வரோடு அதன் பேக்கப்பும் பூட்டப்பட்டுவிட்டது. அந்த மாதங்களுக்குத் தனியே கழற்றி வைத்த பிரதி கிடையாது. ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு ஏப்ரலிலேயே நிறுத்தியிருந்தது. இனிமேல் தினமும் ஆஃப்லைன் பேக்கப் எடுப்போம் என்று சம்பவத்துக்குப் பிறகு அறிவித்தார்கள்.

இரண்டாவது, தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை. 2022 நவம்பர் 23. ஐந்து சர்வர்கள், ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. ஓபி சீட்டு முதல் டிஸ்சார்ஜ் வரை எல்லாம் கையால் எழுதினார்கள். நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததுதான் காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அதே பதிலில் இன்னொரு வரி இருந்தது: பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து இ-ஹாஸ்பிடல் தரவு முழுதும் மீட்கப்பட்டது. அந்த ஒரு சர்வர் எட்டாத இடத்தில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அப்படி இருந்தும் பெரும்பாலான வேலைகள் திரும்பவும் கம்ப்யூட்டருக்கு வர இரண்டு வாரம் ஆயிற்று என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பேக்கப் இருந்தாலே அடுத்த நாள் கடை திறந்துவிடலாம் என்று நினைக்கிற மேனேஜர்கள் இந்த இரண்டு வாரத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கொழும்பில் இருந்ததும் பேக்கப்தான், தில்லியில் இருந்ததும் பேக்கப்தான். 'பேக்கப் இருக்கிறதா' என்று கேட்டிருந்தால் இரண்டு இடத்திலும் 'இருக்கிறது' என்றுதான் பதில் வந்திருக்கும்.

இப்போது சாஃப்ட்வேருக்குள்ளே வருவோம். ஒரு பேக்கப் சர்வருக்கு என்னவெல்லாம் தெரியும்? நிறுவனத்தின் பல சர்வர்களின் அட்மின் பாஸ்வேர்டும் அதனிடம் இருக்கும், இல்லாவிட்டால் உள்ளே போய்ப் பிரதி எடுக்க முடியாது. விஎம்வேர் ஹோஸ்ட்டின் ரூட் பாஸ்வேர்டு, டேட்டாபேஸ் கணக்கு, கிளவுட் சாவி எல்லாம் ஒரே இடத்தில். போதாததற்கு நிறுவனத்தின் தரவு முழுவதும் அங்கேயே குவிந்து கிடக்கிறது. உள்ளே நுழைகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அலுவலகங்களில் பழைய சர்வர் எதையாவது தூசி தட்டி, "இது பேக்கப்புக்குப் போதும்" என்று கொடுத்துவிடுவார்கள். எனக்கு இன்னும் கோபம் வருகிற பேச்சு அது.

கற்பனை இல்லை இது. வீம் என்ற பேக்கப் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் தடுக்கி விழுந்தால் அதில்தான் விழ வேண்டும். 2023 மார்ச்சில் அதில் ஒரு ஓட்டை வெளியானது, சிவிஇ-2023-27532. லாகின் எதுவும் இல்லாமலே 9401-ஆம் போர்ட்டைத் தொட்டு, சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை வாங்கிவிடலாம். கியூபா ரான்சம்வேர் கும்பல் அதைப் பயன்படுத்தியது. 2024 செப்டம்பரில் இன்னொன்று, சிவிஇ-2024-40711. ஆபத்து அளவில் பத்துக்கு 9.8 மதிப்பெண். லாகின் இல்லாமலே சர்வரில் நினைத்ததை ஓட்டலாம். அகிரா, ஃபாக் என்ற கும்பல்கள் சில வாரங்களுக்குள் அதைக் கையில் எடுத்துவிட்டன. பேட்ச் வந்த பிறகுதான் இவையெல்லாம் நடந்தன என்பது கவனிக்க வேண்டியது. போடாதவர்கள் மாட்டினார்கள்.

பேட்ச் போடுவது ஒரு பக்கம். செட்டிங் எப்படி ஆளைக் கொல்லும் என்பதற்கு 2025 மார்ச்சில் வந்த சிவிஇ-2025-23120 நல்ல உதாரணம். இதுவும் வீம்தான். ஆனால் பேக்கப் சர்வரை நிறுவனத்தின் டொமைனில் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் இதனால் ஆபத்து. சேர்த்திருந்தால், டொமைனில் கணக்கு வைத்திருக்கும் சாதாரண ஊழியர் ஒருவரே பேக்கப் சர்வரைக் கைப்பற்றிவிடலாம். சேர்க்காதவர்களுக்கு அன்று தலைவலி இல்லை. அலுவலக டொமைனில் பேக்கப் சர்வரைச் சேர்க்காதீர்கள் என்று வீம் நிறுவனமே பல வருடமாகச் சொல்லி வந்தது. கேட்டவர்கள் குறைவு. ஏன் சேர்க்கிறார்கள்? வசதி. எல்லா சர்வருக்கும் ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்டு, நைட் ஷிஃப்ட் பையனும் உள்ளே போகலாம். அந்த வசதி நைட் ஷிஃப்ட் பையனின் பாஸ்வேர்டைத் திருடியவனுக்கும் சேர்த்துத்தான்.

தங்கவயல்காரனுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். சுரங்கத்துக்கு வெளியே வர இரண்டு வழியாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒன்று அடைபட்டால் மற்றது மிஞ்ச வேண்டும், ஆகவே இரண்டும் விலகியே இருக்க வேண்டும். சுரங்கப் பாறை வெடித்துச் சிதறும் ராக் பர்ஸ்ட்டில் உறவைப் பறிகொடுத்த வீடுகள் உள்ள ஊரில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. அலுவலக டொமைனுக்குள் இருக்கும் பேக்கப் சர்வர், முதல் ஷாஃப்ட்டுக்குள்ளேயே வெட்டிய இரண்டாவது ஷாஃப்ட்.

சரி, எப்படி மதிப்பிடுவது?

வீம் 12.1 பதிப்பில் 'செக்யூரிட்டி அண்ட் கம்ப்ளையன்ஸ் அனலைசர்' என்று ஒரு வசதி உண்டு. அழுத்தினால் வரிசையாகச் சோதித்து எது சரி, எது சரியில்லை என்று காட்டும். ரிமோட் டெஸ்க்டாப் திறந்திருக்கிறதா, விண்டோஸ் ஃபயர்வால் ஓடுகிறதா, சர்வர் டொமைனில் இருக்கிறதா, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு போட்டிருக்கிறதா, கான்ஃபிகரேஷன் பேக்கப்பை என்கிரிப்ட் செய்கிறீர்களா, அழிக்க முடியாத பிரதி ஒன்றாவது இருக்கிறதா என்றெல்லாம் பார்க்கும். நல்ல வசதி, இலவசமாக உள்ளேயே இருக்கிறது, பயன்படுத்துங்கள். வேறு நிறுவனங்களின் மென்பொருளிலும் இதுபோன்ற சோதனைப் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் அந்தப் பட்டியலை மார்க் ஷீட்டாக மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. "தொண்ணூறு சதவீதம் பச்சை" என்று ஸ்லைடு போடுவார்கள். மிச்சம் பத்து சதவீதத்தில் டொமைன் சேர்க்கையும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் இருந்தால், அந்தத் தொண்ணூறால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எல்லா சிவப்பும் ஒரே எடை கிடையாது. பெயர் தேடும் பழைய புரோட்டோகால் ஒன்று அணைக்கப்படவில்லை என்ற சிவப்பை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். "டொமைன் அட்மின் ஒருவர் எல்லாப் பிரதிகளையும் ஒரே அமர்வில் அழிக்கலாம்" என்ற சிவப்பை இன்று ராத்திரியே பார்க்க வேண்டும். இன்னொன்று, அந்தப் பட்டியல் தன் மென்பொருளுக்குத் தெரிந்ததை மட்டும்தான் பார்க்கும். பக்கத்தில் உள்ள ஸ்டோரேஜ் பெட்டிக்குத் தனி அட்மின் பக்கம் இருப்பதும், அதன் பாஸ்வேர்டு தொழிற்சாலையிலிருந்து வந்ததே அப்படியே இருப்பதும் அதற்குத் தெரியாது.

அதனால்தான் தாளும் பேனாவும். முதலில் ஒரு கிளார்க்கின் கம்ப்யூட்டரில் உட்காருங்கள். அங்கிருந்து பேக்கப் சர்வர் கண்ணுக்குத் தெரிகிறதா? பிங் போகிறதா, பேக்கப் ஃபைல் உள்ள ஃபோல்டர் நெட்வொர்க்கில் திறக்கிறதா, கன்சோல் போர்ட் பதில் சொல்கிறதா? எதற்காவது 'ஆம்' என்றால் அது தாளில் ஒரு வரி. அடுத்து உங்களை டொமைன் அட்மினாக நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு விஎம்வேர் அட்மினாக. பேக்கப் சர்வரே ஒரு விஎம் (விர்ச்சுவல் மெஷின்) என்றால் அதை அவர் டிஸ்க்கோடு அழித்துவிடலாம், பேக்கப் மென்பொருளின் பாஸ்வேர்டே தேவையில்லை. பிறகு, சர்வரைத் தூரத்திலிருந்தே நிர்வகிக்க உதவும் ஐடிராக் அல்லது ஐலோ போர்ட்டில் நுழைந்தவனாக. அவன் ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தொடாமலே ரெய்டு கன்ட்ரோலருக்குப் போய் டிஸ்க்கை வழித்துவிடலாம். கடைசியாக, கிளவுட் கணக்கின் சாவி வைத்திருப்பவனாக. 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனம் இப்படித்தான் மூடப்பட்டது. அமேசான் கன்ட்ரோல் பேனலுக்குள் ஒருவன் நுழைந்தான், மூலமும் பேக்கப்பும் ஒரே பேனலில் இருந்தன, பெரும்பகுதியை அழித்தான். அதற்குமேல் கம்பெனி நடத்த முடியவில்லை.

'இம்மியூட்டபிள்' என்ற சொல்லை இப்போது எல்லா சேல்ஸ்காரர்களும் சொல்கிறார்கள். குறித்த நாள்வரை யாராலும் அழிக்கவோ திருத்தவோ முடியாத பிரதி. சொல்லைக் கேட்டதும் நிம்மதி அடையாதீர்கள், கொஞ்சம் குடையுங்கள். அமேசானின் எஸ்3 ஆப்ஜெக்ட் லாக்கில் இரண்டு முறை உண்டு: கவர்னன்ஸ், கம்ப்ளையன்ஸ். கவர்னன்ஸ் முறையில் அதற்கென்று அனுமதி பெற்ற கணக்கு பூட்டைத் தாண்டி அழிக்கலாம். கம்ப்ளையன்ஸ் முறையில் ரூட் கணக்காலும் முடியாது. உங்களுடையது எது? லினக்ஸ் ரிப்பாசிட்டரி என்றால் பூட்டைப் போடுவது ஒரு ஃபைல் குறி. ரூட் ஆனவன் அதை எடுத்துவிடுவான். ஆகவே அந்தப் பெட்டிக்கு எஸ்எஸ்எச் மூடியிருக்க வேண்டும், ரூட் பாஸ்வேர்டு பேக்கப் மென்பொருளுக்குள் சேமிக்கப்பட்டிருக்கக் கூடாது. கடிகாரத்தையும் பாருங்கள். பூட்டுக்கு நாள் கணக்கு இருக்கிறது. நேரம் காட்டும் சர்வரைக் கைப்பற்றி ஒரு வருடம் முன்னே தள்ளினால் பூட்டு காலாவதி ஆகிவிடலாம். இதை நான் சொன்னால் சினிமா மாதிரி இருக்கிறது என்பார்கள். செய்ய முடிகிற வேலைதான்.

நாள் எண்ணிக்கை இன்னொரு சங்கதி. இடம் போதவில்லை என்று ஏழு நாள் பிரதி மட்டும் வைத்திருப்பார்கள். உள்ளே நுழைந்தவன் அன்றே பூட்டுவதில்லை, ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பான். அவன் இரண்டு வாரம் ஒளிந்திருந்தால், உங்களிடம் உள்ள ஏழு பிரதியிலும் அவனும் இருப்பான்.

திருட்டும் அழிவைப் போலவே பெரியது. டொமைன் கன்ட்ரோலரின் பேக்கப் ஃபைல் என்கிரிப்ட் செய்யாமல் ஒரு யூஎஸ்பி டிஸ்க்கில் வெளியே போனால், அதிலிருந்து எல்லா ஊழியர்களின் பாஸ்வேர்டு ஹாஷையும் வீட்டில் உட்கார்ந்து சாவகாசமாக எடுக்கலாம். மருத்துவமனை என்றால் நோயாளிகளின் பட்டியல், ஸ்கூல் என்றால் குழந்தைகளின் விவரம். 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தக்க பாதுகாப்பு செய்யாததற்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். பேக்கப்பும் தரவுதான். என்கிரிப்ட் செய்யுங்கள், சாவியை அதே சர்வரில் நோட்பேடில் வைக்காதீர்கள். தாளில் எழுதி சீல் வைத்து நிறுவனத்தின் லாக்கரில் வையுங்கள். சிரிக்காதீர்கள், நான் கண்டதில் இதுதான் தவறாத முறை.

பயன்படாத வசதிகளை மூடுவதும் இதில் சேரும். வெரிட்டாஸ் பேக்கப் எக்செக்கில் ஒரு பழைய லாகின் முறை இருந்தது. மென்பொருளே அதைப் பயன்படுத்துவதை விட்டுவிட்டது, ஆனால் ஏஜென்ட்டில் கதவு மூடப்படவில்லை. 2021 மார்ச்சில் பேட்ச் வந்தது. ஒன்றரை வருடம் கழித்து, 2022 அக்டோபரில், ஏஎல்பிஎச்வி ரான்சம்வேர் கூட்டாளி ஒருவன் அதே கதவு வழியாக உள்ளே போனதை மாண்டியன்ட் நிறுவனம் கண்டுபிடித்தது. இணையத்துக்கு நேரே திறந்து கிடந்த பேக்கப் எக்செக் சர்வர்கள் 8,500-க்கு மேல் என்று பின்னர் ஒரு ஸ்கேன் சொன்னது. பேக்கப் சர்வருக்கு இணையத்தில் என்ன வேலை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அப்புறம், மௌனம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடிப்போனால் எஸ்3 பெட்டி காலி. டேட்டாபேஸ் பதிப்பும் பிரதி எடுக்கும் கருவியின் பதிப்பும் ஒத்துப்போகாமல் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதாக அனுப்பிய மெயிலை மெயில் சர்வரே நிராகரித்திருக்கிறது. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட் காப்பாற்றியது. அதனால் 'ஃபெயில் ஆனால் மெயில் வரும்' என்ற செட்டிங்கை நான் நம்புவதில்லை. தினமும் ஏதாவது ஒரு மெயில் வர வேண்டும், வராத நாளில் ஆள் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். லாக்கையும் பேக்கப் சர்வருக்கு வெளியே அனுப்பிவிடுங்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று இட்ட உத்தரவின்படி லாக் 180 நாள் இருக்க வேண்டும், சம்பவம் நடந்தால் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாக் இருந்த சர்வரே பூட்டப்பட்டால் எதை வைத்துத் தெரிவிப்பது?

இதெல்லாம் பெரிய கம்பெனி சமாசாரம், ராபர்ட்சன்பேட்டையில் அடகுக் கடை வைத்திருப்பவருக்கும் ஆண்டர்சன்பேட்டை கிளினிக்குக்கும் என்ன என்று கேட்பீர்கள். அவர்களுக்குத்தான் அதிகம். அவர்களிடம் இருப்பது ஒரு டேலி கம்ப்யூட்டர், நெட்வொர்க்கில் இணைத்த ஒரு சின்ன நாஸ் டிஸ்க் பெட்டி அல்லது எப்போதும் சொருகியே கிடக்கும் யூஎஸ்பி டிஸ்க். சொருகியே கிடப்பதை உள்ளே நுழைந்தவன் கம்ப்யூட்டரோடு சேர்த்தே பூட்டிவிடுவான். 2022 ஜனவரியில் டெட்போல்ட் ரான்சம்வேர் உலகெங்கும் க்யூநாப் நாஸ் பெட்டிகளைப் பூட்டி ஆளுக்கு 0.03 பிட்காயின் கேட்டது. மாட்டியவை இணையத்துக்குத் திறந்திருந்த பெட்டிகள். ரவுட்டரில் 'யூபிஎன்பி' என்ற செட்டிங் இருந்தால் பெட்டி தானாகவே கதவைத் திறந்துகொள்ளும், கடைக்காரருக்குத் தெரியவே தெரியாது. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் டிஸ்க்குகள் தூரத்திலிருந்தே துடைக்கப்பட்டன. 2015-லேயே ஆதரவு நின்றுபோன சாதனம் அது. வீட்டுக் கல்யாண போட்டோ முதல் கணக்கு வரை போனவர்கள் நிறைய.

இவர்களுக்கு நான் சொல்வது சின்னது. இரண்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில், வாரம் ஒருமுறை மாற்றுங்கள். பேக்கப் முடிந்ததும் கழற்றுங்கள். ரவுட்டரில் யூபிஎன்பியை அணைக்கச் சொல்லுங்கள். நாஸ் பெட்டியில் 'அட்மின்' என்ற பெயரிலுள்ள கணக்கை முடக்கி வேறு பெயரில் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். சர்வீஸ்காரர் எல்லாக் கடைக்கும் ஒரே பாஸ்வேர்டு போடுகிறாரா என்று கேளுங்கள். முகம் மாறினால் விடை கிடைத்துவிட்டது.

பெரிய இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இதையெல்லாம் இறுக்கினால் வேலை கஷ்டமாகும். டொமைனிலிருந்து எடுத்தால் தனிப் பாஸ்வேர்டு நினைவில் வைக்க வேண்டும். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு போட்டால் பழைய ஸ்கிரிப்ட் சில நிற்கும். அழிப்பதற்கு இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும் என்ற வசதியைப் போட்டால், ஞாயிற்றுக்கிழமை இடம் நிறைந்து ஜாப் நிற்கும்போது இரண்டாவது ஆள் போனை எடுக்க மாட்டார். ரிமோட் டெஸ்க்டாப்பை மூடினால் நடந்துபோக வேண்டும். இந்தச் சிரமத்தை முன்கூட்டியே மேலிடத்தில் சொல்லி எழுதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள். சொல்லாமல் செய்தால் மூன்றாவது மாதம் யாரோ ஒருவர் "தற்காலிகமாக" எல்லாவற்றையும் திறந்துவிடுவார், அது தற்காலிகமாக நிற்காது. அதனால்தான் தாளை மூன்று மாதத்துக்கொருமுறை புதிதாக எழுதச் சொல்கிறேன், பழையதைத் திருத்தாமல்.

எழுதி முடித்ததும் ஒன்று செய்யுங்கள். தனியாகப் பிரித்த ஒரு கம்ப்யூட்டரில், அலுவலக டொமைன் பாஸ்வேர்டு எதையும் பயன்படுத்தாமல், உங்கள் மிக முக்கியமான ஒரே ஒரு சர்வரை மீட்டுப் பாருங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்பதைத் தாளின் அடியில் தேதியோடு எழுதி, அடுத்த மீட்டிங்கில் மேனேஜரிடம் கொடுத்து அவர் கையெழுத்தை வாங்குங்கள்.